பெற்றோல், ஹைபிரிட், மின்சாரம்: கொழும்பில் அடுத்த காரை எதை வைத்துத் தெரிவுசெய்வது?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து, ஒரே கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்: "அண்ணா, பதினொரு வருடம் ஓடிய காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்க இருக்கிறோம். இவர் மின்சாரக் கார் என்கிறார், தம்பி ஹைபிரிட் என்கிறான், எங்கள் கராஜ்காரர் பெற்றோலே போதும் என்கிறார். உலகத்தில் எல்லாக் கம்பனிகளும் எஞ்சினைக் கைவிடப் போகின்றன என்றால், இப்போது போய்ப் பெற்றோல் கார் வாங்குவது சரியா?"

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. (ஹைபிரிட் என்பது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் கார்.) ஒவ்வொருவரும் வேறு வேறு செலவை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆகவே எந்தக் கார் நல்லது என்று தொடங்குவதை விட, எவற்றைக் கொண்டு அளப்பது என்று தொடங்குவதே பொருத்தமானது.

## முதலில் அளவுகோல்கள்

நான் முதலில் கேட்பது, கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதையே. சொந்த வளவுக்குள், உங்கள் மின்மானியிலிருந்து கம்பி இழுக்கக்கூடிய தூரத்தில் நிற்கிறதா, தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பொது மின்மானியின் கீழ் நிற்கிறதா, அல்லது ஒழுங்கையில் மதிலோரமாக நிற்கிறதா என்பதற்கு உள்ள முக்கியத்துவம் காரின் பெயருக்கோ நிறுவனத்துக்கோ இல்லை என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கேள்விக்கான பதிலே மற்றக் கணக்குகள் அனைத்தையும் மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், வருடத்தில் மிக நீண்ட பயணம் எது என்பன. மூன்றாவது, வரியும் லீசிங் வட்டியும் சேர்ந்த முழு விலை. நான்காவது, எரிபொருளோ மின்சாரமோ நின்றுபோனால் வீட்டின் நிலை என்ன என்பது. 2022இல் இரண்டையும் அனுபவித்தவர்கள் நாங்கள் என்பதால், இதை வெறும் அச்சம் என்று ஒதுக்க முடியாது. ஐந்தாவது, எட்டு வருடங்களுக்குப் பிறகு இந்தக் காரைத் திருத்துபவர் யார், வாங்குபவர் யார் என்பது.

## கம்பனிகள் உண்மையில் எங்கே போகின்றன

ஆசிரியையின் கவலைக்கு அடிப்படையான செய்தி பாதி மட்டுமே சரியானது. சீனாவின் பி.வை.டி. நிறுவனம் 2022 மார்ச்சுடன் முழுப் பெற்றோல் கார்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று அது மின்சாரக் கார்களையும், மின்னேற்றக்கூடிய ஹைபிரிட்களையும் மட்டுமே செய்கிறது. நோர்வேயில் 2024இல் விற்கப்பட்ட புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு மின்சாரக் கார்கள். இந்தத் திசை இனி திரும்பும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. 2030க்குள் மின்சாரக் கார்களை மட்டுமே விற்கப்போவதாக 2021இல் அறிவித்த வொல்வோ, 2024 செப்டெம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டது. மெர்சிடிஸ் பென்ஸும் அதே ஆண்டின் தொடக்கத்தில் தன் கால அட்டவணையைத் தளர்த்தியது. எங்களுக்கு மிகவும் முக்கியமான ஜப்பானிய நிறுவனங்களைப் பார்த்தால், டொயோட்டா, மஸ்டா, சுபாரு ஆகிய மூன்றும் 2024 மே மாதத்தில் ஒன்றாக நின்று புதிய எஞ்சின்களை உருவாக்கப்போவதாக அறிவித்தன. அடுத்த வருடம் ஹொண்டா, மின்சாரக் கார்களுக்கு ஒதுக்கியிருந்த முதலீட்டை 10 டிரில்லியன் யென்னிலிருந்து 7 டிரில்லியனாகக் குறைத்து, ஹைபிரிட்டில் கூடுதல் கவனம் செலுத்தத் தொடங்கியது.

எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டு வலப்பக்கச் சுக்கானுடன் கப்பலேறி வந்தவை. ஜப்பானில் மின்சாரக் கார் இன்னும் சிறுபான்மையாகவே இருக்கிறது. ஹைபிரிட் அங்கே சாதாரணமான குடும்பக் கார். ஆகவே அடுத்த பத்து வருடங்களுக்கு ஜப்பானிலிருந்து கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு வரும் உதிரிப்பாகங்களில் ஹைபிரிட் பாகங்களுக்கும் எஞ்சின் பாகங்களுக்கும் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மின்சாரக் கார் எங்களுக்குப் பெரும்பாலும் சீனாவிலிருந்து, புதிதாக, உத்தரவாதத்துடன் வருகிறது. இரண்டும் வேறு வேறு பாதைகள் என்பதால் ஆதரவும் வேறு வேறு விதமாகவே கிடைக்கும்.

## மாதச் செலவுக் கணக்கு

கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். பெற்றோல் ஒரு லீற்றர் 300 ரூபா, வீட்டு மின்சாரம் உயர்ந்த படியில் ஓர் அலகு (ஒரு கிலோவாட் மணி) 70 ரூபா, நள்ளிரவு நேரக் கட்டணம் 40 ரூபா, பொது விரைவு மின்னேற்றியில் 110 ரூபா என்று வைத்திருக்கிறேன். எரிபொருள் விலை மாதாந்தம் திருத்தப்படுகிறது, மின்கட்டணமும் மாறுகிறது. உங்கள் பட்டியலில் உள்ள எண்ணை இட்டு இதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

| 1,000 கிலோமீற்றருக்கு | கொழும்பு நெரிசலில் ஓட்டம் | தேவைப்படுவது | செலவு |
|---|---|---|---|
| சிறிய பெற்றோல் கார் | லீற்றருக்கு 12 கி.மீ. | 83 லீற்றர் | 25,000 ரூபா |
| ஹைபிரிட் | லீற்றருக்கு 20 கி.மீ. | 50 லீற்றர் | 15,000 ரூபா |
| மின்சாரம், வீட்டில், உயர்ந்த படி | அலகுக்கு 6 கி.மீ. | 167 அலகு | 11,700 ரூபா |
| மின்சாரம், வீட்டில், நள்ளிரவுக் கட்டணம் | அலகுக்கு 6 கி.மீ. | 167 அலகு | 6,700 ரூபா |
| மின்சாரம், பொது விரைவு மின்னேற்றி | அலகுக்கு 6 கி.மீ. | 167 அலகு | 18,300 ரூபா |

இந்த அட்டவணையின் கடைசி வரியைப் பலர் பார்ப்பதில்லை. வீட்டில் மின்னேற்ற வசதியில்லாமல் பொது மின்னேற்றியையே நம்பியிருப்பவருக்கு, மின்சாரக் காரின் ஓட்டச் செலவு ஹைபிரிட்டை விடக் கூடிவிடுகிறது. அத்துடன் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்க் காத்திருக்கும் நேரமும் சேர்கிறது.

விலை வேறுபாட்டையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் மின்சாரக் கார், நீங்கள் பார்க்கும் ஹைபிரிட்டை விட 15 இலட்சம் ரூபா கூடுதல் என்று வைத்துக்கொண்டால், உயர்ந்த படிக் கட்டணத்தில் மாதம் 3,300 ரூபாவே மிச்சமாகும். அந்த வேறுபாட்டை ஈட்ட 37 வருடங்களுக்கு மேல் வேண்டும். நள்ளிரவுக் கட்டணத்தில் அதுவே 15 வருடங்களாகக் குறைகிறது. அதே நள்ளிரவுக் கட்டணத்தில் மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 6 வருடங்கள் போதும். ஒரே கார், ஒரே விலை, ஆனால் மூன்று வீடுகளுக்கு மூன்று முடிவுகள்.

லீசிங் எடுப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். கூடுதலாக எடுக்கும் 10 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 12 வீதம் என்றால், முதல் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்துக்கு மேல் வட்டியாகப் போகும். பெற்றோலிலிருந்து ஹைபிரிட்டுக்கு மாறுவதால் 1,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு ஆண்டில் மிச்சமாகும் 1 இலட்சத்து 20 ஆயிரத்தில் பெரும்பகுதியை அந்த வட்டியே விழுங்கிவிடும்.

## மின்சாரக் கார்

காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஊர்ந்து சென்றவர்களுக்கு மின்சாரக் காரின் முதல் நன்மை விளக்கமின்றியே புரியும். நிற்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை, பிரேக் பிடிக்கும்போது மின் திரும்பப் பற்றரிக்குப் போகிறது, குளிரூட்டி மட்டும் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கிறது. எண்ணெய் மாற்றுதல், ஸ்பார்க் பிளக், கியர் எண்ணெய் மாற்றும் பெரிய சேர்விஸ் ஆகியவை இல்லை. புகையே இல்லாததால் புகைப் பரிசோதனைக்கும் போகத் தேவையில்லை.

மறைந்த செலவுகள் வீட்டு மின்னிணைப்பிலிருந்து தொடங்குகின்றன. எங்கள் வீடுகள் பலவற்றுக்கு 30 அம்பியர் ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் பேஸ்) இணைப்பே இருக்கிறது. 230 வோல்ற்றில் அது மொத்தம் 6.9 கிலோவாட் மட்டுமே தாங்கும். விற்பனையாளர் சுவரில் பொருத்தித் தரும் 7 கிலோவாட் மின்னேற்றி அதை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். இடையில் யாராவது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் பிரதான ஆளி விழுந்துவிடும். முத்தறுவாய் (த்ரீ பேஸ்) இணைப்புக்கு மாறுவதற்குத் தனிச் செலவும், உங்கள் பகுதிக்கு மின் வழங்கும் நிறுவனத்திடம் தனி விண்ணப்பமும் வேண்டும். ஆனால் பெரும்பாலானோருக்கு அது தேவையேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதம் 1,000 கிலோமீற்றர் என்றால் நாளுக்கு ஆறு அலகுக்கும் குறைவு. காரின் திறனுக்கு ஏற்ற தடித்த கம்பியும் நிலத்தொடுப்பும் போட்ட சாதாரண செருகியில் 10 அம்பியர் வீதம் ஏற்றினாலே இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்தத் தடித்த கம்பியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து கறுப்புக் கம்பி ஒன்று தொங்கி வந்து, மதிலோரம் நின்ற காரின் மின்னேற்றியுடன் இணைந்திருந்ததைக் கண்டேன். இணைப்பின் மேல் கடைச் சிலுசிலுப்புப் பையொன்றை இறப்பர் வளையத்தால் கட்டியிருந்தார்கள். பையின் அடியில் மழைநீர் தேங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தபோது கம்பி சூடாக இருந்தது. ஒரு விளக்குக்காகச் செய்யப்பட்ட நீட்டிப்புக் கம்பியில் இரவு முழுவதும் 10 அம்பியர் ஓடினால் அது எரியும். அந்த வீட்டாரிடம் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. தரிப்பிடத்தில் செருகி வைக்க முகாமைத்துவக் குழு அனுமதிக்கவில்லையாம்.

மின்கட்டணப் படிகளும் கவனிக்க வேண்டியவை. வீட்டுக் கட்டணம் அலகு கூடக் கூட உயர்ந்துகொண்டே போய், 180 அலகுக்கு மேல் உச்சப் படியை அடைகிறது. மாதம் 150 அலகு பாவிக்கும் வீட்டில் காருக்காக 167 அலகு சேர்ந்தால், கார் குடிக்கும் அலகுகளில் பெரும்பகுதி அந்த உச்சப் படியிலேயே விழும். நேர அடிப்படைக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை ஏறும். அந்நேரத்தில்தான் சமையலும் குளிரூட்டியும் நடக்கின்றன என்றால், காரில் மிச்சமாவதை அடுக்களையில் இழக்க நேரிடும். உங்கள் இணைப்புக்கு அந்தக் கட்டணம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூரையில் சூரிய மின்தகடு உள்ளவர்களும், பகலில் கார் வீட்டில் நிற்கும் ஓய்வு பெற்றவர்களும் மிக நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

பற்றரியைப் பொறுத்தவரை, 2015ஐ ஒட்டிய வருடங்களில் இங்கே வந்த நிசான் லீஃப் கார்கள் எங்களுக்கு ஒரு பாடம் தந்தன. அவற்றின் 24 கிலோவாட் மணிப் பற்றரிக்குத் திரவக் குளிர்ச்சி இல்லை. எங்கள் வெப்பத்தில் அது விரைவாகத் தளர்ந்தது. பாவித்த காராக வந்தவற்றுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதமும் கூட வரவில்லை. முகப்புத் திரையின் வலது ஓரத்தில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் ஏழு மட்டும் மிஞ்சியிருந்த லீஃப் ஒன்றை ஒருவர் எனக்குக் காட்டினார். தெஹிவளையிலிருந்து கோட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் குளிரூட்டியை நிறுத்திவிடுவார். இன்று வரும் சீனக் கார்களில் பெரும்பாலானவை இரும்புப் பொசுபேற்று வகைப் பற்றரியையும் திரவக் குளிர்ச்சியையும் கொண்டவை. அவை வெப்பத்தையும் அடிக்கடி மின்னேற்றுவதையும் நன்றாகத் தாங்கும். லீஃப்பும் தன் மூன்றாம் தலைமுறையில் திரவக் குளிர்ச்சிக்கு மாறிவிட்டது. ஆகவே பழைய அனுபவத்தை அப்படியே புதிய கார்கள் மேல் சுமத்துவது நியாயமாகாது. அதேபோல் பழைய லீஃப் ஒன்றை மலிவு என்று வாங்குவதும் நல்லதாகாது.

மின்னேற்றும் வாயின் வகையை ஏட்டில் மட்டும் பார்க்காமல் நேரில் பாருங்கள். ஜப்பானியக் கார்களில் சாடெமோ, ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்ட சீனக் கார்களில் சிசிஎஸ்2, சீன உள்நாட்டுச் சந்தைக் கார்களில் ஜிபி/டி என மூன்று வகை இருக்கின்றன. உங்கள் வழியிலுள்ள விரைவு மின்னேற்றியில் உங்கள் வகைச் செருகி இல்லையென்றால் அது உங்களுக்குப் பயன்படாது. வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு: பெற்றோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது, மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கூடுதல் வேகம் தரும் வகையைத் தேர்ந்தால் அந்த வேகத்துக்கும் வரி கட்டுகிறீர்கள். கொழும்பு நெரிசலில் அது பயன்படப்போவதில்லை.

கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மின்சாரக் காரில் பிரேக் தட்டுகள் குறைவாகவே உராய்வதால், உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும் வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவு செய்விப்பது நல்லது. எடை கூடுதலானதால் ரயர்களும் விரைவில் தேயும்.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 50 கிலோவாட் மணிப் பற்றரி குளிரூட்டியுடன் 300 முதல் 340 கிலோமீற்றர் ஓடும். அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ ஒரு தடவை நின்றே ஆக வேண்டும். சாதாரண நாளில் அது தேநீர் குடிக்கும் நேரத்தோடு முடியும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதே மின்னேற்றிக்கு முன் எத்தனை கார் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சொந்த வளவும், நாளாந்த ஓட்டமும், வீட்டில் நீண்ட பயணத்துக்கு இன்னொரு வாகனமும் உள்ளவர்களுக்கு மின்சாரக் காரையே நான் பரிந்துரைப்பேன்.

## ஹைபிரிட்

1997 இறுதியில் டொயோட்டா பிரியஸுடன் தொடங்கிய இந்த முறை இங்கே நன்கு பழகிவிட்டது. செருகி தேடத் தேவையில்லை, நெரிசலில் எஞ்சின் அணைந்து பற்றரியில் ஊர்கிறது, யாழ்ப்பாணம் போய்வர ஒரு தடவை பெற்றோல் அடித்தால் போதும் என்ற நிலை. டொயோட்டா ரைஸ் போன்ற புதிய வகைகளில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதே இல்லை. மின்னுற்பத்தி மட்டும் செய்கிறது, சக்கரத்தை மோட்டாரே இயக்குகிறது.

மறைந்த செலவு பற்றரிதான், ஆனால் அதைத் தள்ளிப்போட முடியும். 2011இல் வெளிவந்த முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவில் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது; அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் பக்கவாட்டிலுள்ள கைப்பிடி அளவான சிறு துளைத்தட்டு வழியாகவே உள்ளே போகிறது. என் காரில் அந்தத் தட்டைக் கழற்றியபோது, பிள்ளைகளின் தலைமயிரும் பிஸ்கட் துகளும் செம்மண் தூசியும் சேர்ந்து கம்பளி போல் அடைத்துக்கிடந்தன. காற்று போகாத பற்றரி சூடாகிச் சாகிறது. அதற்கு முன் இரண்டு தடவை சேர்விஸ் செய்தவர்கள் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பாவித்த ஹைபிரிட் வாங்கும்போது அந்தத் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். முந்திய உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். செத்த கலங்களை மட்டும் மாற்றித் தரும் திருத்துநர்கள் கொழும்பில் பலர் இருக்கிறார்கள், ஆனால் பழைய கலமும் புதிய கலமும் கலந்த பற்றரி நெடுநாள் நிலைப்பதில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும், வருடத்தில் மூன்று நான்கு தடவை வடக்குக்கோ மட்டக்களப்புக்கோ போய்வரும் ஒரே கார்க் குடும்பங்களுக்கும் இதுவே பொருத்தம். மறுவிற்பனையும் இதில் கவலை தருவதில்லை.

## சிறிய பெற்றோல் கார்

மாதம் 400 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடுபவர்களுக்கு மட்டும் இது சரியான தெரிவு. 400 கிலோமீற்றருக்கு ஹைபிரிட்டில் மிச்சமாவது 4,000 ரூபா. அதற்காகப் பத்து இலட்சம் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. எந்த ஊர்க் கராஜிலும் திருத்தலாம். ஆனால் எரிபொருள் விலை ஏறினால் முழு அடியும் இதற்கே விழும். 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது.

## தட்டுப்பாடு வந்தால்

2022 மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. அப்படியிருந்தும் மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் மின்சாரம் இருந்த நேரத்துக்குள் ஏற்றிக்கொண்டார்கள். பெற்றோல் வரிசையில் நான் இரண்டு இரவுகளைக் கழித்தேன். பின்னர் எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, அதே 20 லீற்றரில் ஹைபிரிட் 400 கிலோமீற்றரும், சாதாரண பெற்றோல் கார் 240 கிலோமீற்றரும் ஓடின. வயதான பெற்றோரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. பணக்கணக்கு ஈடுகட்டாத இடத்திலும் மின்சாரக் காருக்கு ஒருவர் கூடுதல் விலை கொடுப்பதை இந்தக் காரணத்துக்காக நான் மதிக்கிறேன்.

## ஆசிரியைக்கு எழுதியது

அவரது தரிப்பிடம் கீழ்த்தளத்தில், பொது மின்மானியின் கீழ் இருக்கிறது. மாத ஓட்டம் ஏறத்தாழ 900 கிலோமீற்றர். வருடத்தில் நான்கு தடவை சாவகச்சேரிக்குப் போகிறார்கள். அவருக்கு நான் எழுதியது இதுதான்: தரிப்பிடத்துக்கு உங்கள் சொந்த மின்மானியிலிருந்து தனிக் கம்பியும் துணை மானியும் போட அனுமதிப்பார்களா என்று முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்திலேயே வர வேண்டும். மின்சாரக் காருக்கு முன்பணம் கொடுப்பதை அந்தக் கடிதம் வரும்வரை தள்ளிவையுங்கள். அனுமதி கிடைத்தால் கணவர் சொல்வதைத் தாராளமாகக் கேட்கலாம், சாவகச்சேரிப் பயணத்தை மட்டும் நல்லூர்த் திருவிழா நாட்களைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். கிடைக்காவிட்டால் தம்பி சொல்லும் ஹைபிரிட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் அவசரம் இல்லையென்றால், இப்போதுள்ள கார் நன்றாக ஓடும்வரை அதையே வைத்திருப்பதில் தவறில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. குழு விடயத்தை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறது. அதே தொடர்மாடியில் இன்னும் நான்கு வீட்டார் அதே கோரிக்கையுடன் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய்வழியில் கம்பி இழுத்தால் செலவு எவ்வளவு என்று மின்னியலாளர் ஒருவரிடம் இப்போது விலை கேட்டிருக்கிறார்கள்.